நாலு டன் பந்தல்

கவாத்து முடிந்து மொட்டையாய் நின்ற திராட்சைத் தோட்டத்துக்குள், மலையிறங்கி வந்த மேகம் ஒன்று வீடு மறந்த விருந்தாளி போலக் கல்தூண்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. கவிழ்த்த பழப்பெட்டி மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் திலீபன். பொறியியல் கல்லூரி ஒன்றில் சிவில் வாத்தியார். எங்கேயோ யாரோ எழுதி, வேண்டியவர்கள் திருத்திக்கொள்ளலாம் என்று திறந்துவைத்த கணித மென்பொருளை இரண்டு வருடமாகப் பிரித்து மேய்ந்து, திராட்சைப் பந்தல் போடும் இன்ஜினியர்களுக்கு ஏற்றபடி தமிழில் மாற்றியிருந்தான். அந்த இன்ஜினியர்கள் இதுவரை மொத்தம் ஒருவர். அவனேதான்.

இன்றுதான் முதல் பந்தல். தோட்டக்காரி பாண்டீஸ்வரியின் பந்தலில் பழைய கம்பி துருவேறி, போன மழையில் ஒரு மூலை சரிந்துவிட்டது. புதுக்கம்பி எவ்வளவு கனம் வேண்டும் என்று மென்பொருள் சொல்லும். சொன்னபடி கம்பி கட்டும் முத்துராஜா இழுத்துக் கட்டுவான். கணக்கு தப்பினால் அடுத்த அறுப்பு முழுக்க மண்ணில் கிடக்கும்.

“ஏக்கருக்கு எம்புட்டுக்கா விளையும்?” என்று பாண்டீஸ்வரியைக் கேட்டான்.

“நாலு டன்னு போட்டுக்க தம்பி.”

போட்டான். திரையில் கம்பி ஒரு கோடாய் வளைந்து தொங்கியது. மெல்லிய கம்பியே போதும் என்றது. அந்த வளைவைப் பார்த்தபடி திலீபன் கொஞ்சம் மிதந்துவிட்டான். கம்பம் ஊரிலிருந்து ஜெயமங்கலம் வரை பந்தல் பந்தலாக அவன் வளைவுகள். மேகத்துக்குள் வரிசையாக நின்று இன்ஜினியர்கள் கும்பிடுகிறார்கள். ஒருவர் சால்வையே கொண்டுவந்துவிட்டார்.

“சார், இந்த நூலயா கட்டச் சொல்றீக?” சால்வைக்குப் பதில் முத்துராஜாவின் குரல் விழுந்தது. “நாலு டன்னா மதினி? போன அறுப்புல இந்த ஒரு ஏக்கருலயே மூணு லாரி நானே ஏத்திவிட்டேனே!”

“ஏலே, ஒன்னயக் கம்பி கட்டக் கூப்பிட்டேனா, பஞ்சாயத்துப் பண்ணக் கூப்பிட்டேனா?”

பாண்டீஸ்வரி சுற்றுமுற்றும் பார்த்தாள். மேகத்தைத் தவிர யாருமில்லை. அதையும் அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

“விளைச்சலக் கேட்டா நெசத்த யாரு தம்பி சொல்லுவா? கண்ணு பட்டுச்சுன்னா கொத்துல காய் நிக்காது. எங்க வீட்டுக்காரவுககிட்டயே அஞ்சுன்னுதான் சொல்லிருக்கேன்.”

திலீபனுக்குக் காது சூடேறியது. அத்தைமார் கேட்டால் மதிப்பெண்ணில் இருபதைக் குறைத்தே சொல்லி வளர்ந்த பிள்ளை அவன். அவன் செய்த மென்பொருளோ கதவைத் தட்டியதும் முதல் வேலையாக விளைச்சலைக் கேட்கிறது.

“பந்தல் நிக்கணுமா, வேணாமாக்கா?”

“நிக்கணும். ஆனா அந்தப் பொட்டியில நெசத்த எழுத மாட்டேன். நாலு பேரு பாப்பாக.”

காசு கொடுத்து வாங்கிய மென்பொருளாக இருந்தால், கம்பெனியைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். இது திறந்து கிடப்பது. திட்டினால் தன்னைத்தான் திட்டவேண்டும். குனிந்து நாலு வரியைத் திருத்தினான். இனி அந்தக் கட்டத்தில் எந்த எண்ணை அடித்தாலும் இலக்கத்துக்கு ஒன்றாக வெறும் புள்ளிகள்தான் தெரியும். கணக்கு முடிந்ததும் எண் அழிந்துவிடும்.

“இது யாருகிட்டயும் சொல்லாதுல்ல?”

“எங்கிட்டயே சொல்லாதுக்கா.”

“ஏலே முத்துராசா, மோட்டார் ரூமுல போயித் தண்ணி குடிச்சுட்டு வா.”

“தாகமில்லயே மதினி.”

“எடுக்கும். போ.”

அவன் மேகத்துக்குள் கரைந்து போனான். பாண்டீஸ்வரி முந்தானையை விரித்துத் திரையை மறைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் அடித்தாள். முந்தானை விலகியபோது கட்டத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தன. இரண்டு! திலீபன் ஒன்றும் அறியாதவனாய் மலையைப் பார்த்தான்.

திரையில் வளைவு பெருமூச்சு விட்டதுபோலத் தாழ்ந்தது. தடித்த கம்பி, இரண்டு தூணுக்கு நடுவே இன்னொரு தூண் என்றது.

“அப்பச் சரியாத்தான் சொல்லுது” என்றாள் பாண்டீஸ்வரி, மென்பொருளுக்குப் பரீட்சை வைத்தவள் மாதிரி. “முத்துராசா! அந்தத் தடிச்ச கம்பிய எடுத்தாடா!”

மேகம் விலகியது. பாதி வழியில், தடித்த கம்பிச் சுருளை ஏற்கெனவே உருட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தான் முத்துராஜா.