சேஷனின் மத்தியானச் சாப்பாடு

தில்லி கரோல் பாகில் நாலைந்து தமிழ்ப் பெண்மணிகள் சேர்ந்து, வீட்டோடு கிடக்கும் நோயாளிகளுக்குச் சமைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை ஹம்சா தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு அவளுக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. தன் பங்குக்கு ஊர்க்கோடி துவாரகாவில் இருக்கும் சேஷன் வருவார் என்று தெரிந்திருந்தால் கேட்டே இருக்கமாட்டாள்.

சேஷனுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். மனைவி ருக்கு பள்ளிக்கூட டீச்சர், சாயங்காலம்தான் வருவாள். ஏப்ரல் வெயிலில் ப்ளூ லைன் பஸ்ஸில் நசுங்கி வந்து, லிஃப்ட் ஓடாத கட்டிடத்தில் நாலு மாடி ஏறி, மூச்சு வாங்க ஹம்சா நிற்பாள். அவர் கேரியரைத் திறந்து மோந்து பார்ப்பார்.

"ரசத்துல பெருங்காயம் தூக்கலா இருக்கே?"

"நேத்திக்கு பெருங்காயமே இல்லைன்னேளே மாமா!"

"அது நேத்திக்கு. வெச்சுட்டுப் போம்மா, அப்புறமா சாப்பிடறேன்."

மறுநாள் கேரியர் காலியாக, கழுவித் துடைத்து இருக்கும். சாப்பிடுகிறாரே என்று ஹம்சா பல்லைக் கடித்துக்கொள்வாள்.

ஒருநாள் அவள் கீழே இறங்கி வந்தபோது வாசல் காவலாளி எழுந்து சலாம் வைத்தான். "மேடம்ஜி, ஆப்கா கூட்டு பஹுத் அச்சா!"

இவனுக்கு எப்படித் தெரியும் கூட்டின் ருசி? விசாரித்தாள். சேஷன் சார் தினமும் கூப்பிட்டுக் கொடுக்கிறாராம்.

நாலு மாடியும் மறுபடி ஏறினாள்.

"வெயில்ல நான் நாயா அலையறேன். நீங்க காவல்காரனுக்கு விருந்து வைக்கறேளா?"

சேஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இறங்கலைம்மா. இப்பல்லாம் தண்ணியே தொண்டைல நிக்கறது."

"மாமிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா திரும்ப ஆஸ்பத்திரி. வயித்துல குழாய் போடுவா."

"அப்பறம் எதுக்கு தினம் குத்தம் சொன்னேள்?"

"குத்தம் சொன்னா, சாப்பிடறேன்னு எல்லாரும் நினைச்சுப்பேளோல்லியோ?"

கேரியரைச் சுவரில் விட்டெறியலாம் போல ஹம்சாவுக்கு வந்தது. அவரைப் பார்த்துக் கத்தவும் முடியவில்லை, கத்தாமலும் இருக்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமி வர வரைக்கும் நகரமாட்டேன். நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா?"

"ஆத்துல உன்னைத் தேடமாட்டாளா?"

"தேடட்டும்."

கரண்ட் போயிற்று. இருவரும் வியர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

ருக்கு உள்ளே வந்து இரண்டு முகங்களையும் பார்த்தாள். சேஷனே சொன்னார். அவள் அழவில்லை.

"ராத்திரி நான் கரைச்சுத் தர கஞ்சி?"

"வாஷ் பேசின்ல கொட்டினேன்."

ருக்கு நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஹம்சா டாக்ஸிக்கு போன் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய் போட்டார்கள். முதலில் முரண்டு பிடித்தாலும், உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்ததும் சேஷன் டாக்டரிடம் ஒழுங்காகப் பேசத் தொடங்கினார். இனி துவாரகாவுக்குச் சாப்பாடு வேண்டாமே என்றார்கள் கரோல் பாகில். ஹம்சா பிடிவாதமாகக் கேரியரை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் ருக்கு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட்டேளா மாமி?"

"ஆச்சு, ஆச்சு."

"என்ன சாப்பிட்டேள்?"

"டீ," என்றாள் ருக்கு.

"ஏன் மாமி, உங்காத்துல ஒருத்தருக்குமே வாயைத் திறந்து சொல்லத் தெரியாதா?"

ருக்கு கேரியரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கை கழுவக்கூட எழுந்திருக்காமல் சாப்பிட ஆரம்பித்தாள்.