முள்வேலியும் பிடிலும்

அம்புரோஸ் எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் பாலுக்கு மரம் வெட்டுகிறவன், மாதாகோயிலில் பிடில் வாசிக்கிறவன். வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டைபோட்ட அவசரகாலத்தில், நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அவன் தன் பேட்டரி ரேடியோவின் ஏரியல் கம்பியை அதில் மாட்டிவிட்டான். குமிழை ஓர் அளவுக்கு மேல் திருகினால் ரேடியோ ஊளையிடும். பக்கத்தில் முழங்காலை ஆட்டினால் ஊளை ஏறி இறங்கும். ஊளைக்கு முழங்கால், பிடிலுக்குக் கை என்று வைத்துக்கொண்டு ஈஸ்டருக்கு ஒரு பாட்டுக் கட்டினான். வேலிக்கு அப்பால் மேயும் மாடு, சுருதி பிசகினால் மட்டும் தலையைத் தூக்கும். நானே பார்த்திருக்கிறேன்.

கெட்ட நேரம், பட்டாளத்து முகாமின் ரேடியோவும் கூடவே ஊளையிட்டிருக்கிறது. காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்குச் சங்கேதம் போகிறது என்று பட்டாளத்துத் துரை லோரியோடு வந்துவிட்டார். பெரிய வெள்ளி, பகல் நேரம்.

எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி சிவானந்தம் கெஞ்சி ஒரு வழி வாங்கினார். பாட்டுத்தான் என்று வாசித்துக் காட்டினால் விட்டுவிடலாம். இல்லாவிட்டால் லோரி. அதில் ஏறிப் போனவர்களில் யாரும் அதுவரை திரும்பவில்லை.

"எடுடா பிடில," என்றார் கிராணி.

"இன்னிக்கா? ஆண்டவர் சிலுவையில தொங்குறாரு, ஐயா. கோயில் மணியவே நிறுத்தியாச்சு. நாளைக்கு மணி அடிக்கிற வரைக்கும் வாத்தியத்தத் தொடக்கூடாது."

"நாளைக்கு நீ எங்க இருப்பியோ. துரைகிட்ட நான் என்னடா சொல்றது?"

"அவரும் வேதக்காரரு லா. தெரியாமலா இருக்கும்?"

துரைக்குத் தெரியவில்லை. அம்புரோஸின் மனைவி டொரீன் பிடிலைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பாவம் எனக்கு வரட்டும். வாசிங்க."

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பிறகு முகம் தெளிந்தது.

"ரேடியோவப் பத்தி சாமியார் ஒண்ணும் சொல்லலையே."

பாட்டில் பாதியையாவது காட்டலாம் என்று ரேடியோவைத் திருகி முழங்காலை நீட்டினான். அன்றைக்கு ஊளையிட்டதுபோல அது என்றைக்கும் ஊளையிட்டதில்லை. வேலி முழுக்க நடுங்கியது. லோரியிலிருந்த பட்டாளத்து ரேடியோ பதில் ஊளை போட்டது. பிடில் இல்லாமல் கேட்டால் பாட்டு என்று நானே சொல்லமாட்டேன். துரை தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு மணி அடிச்சதும் பிடில எடுத்துட்டு வா," என்றான் அம்புரோஸ் டொரீனிடம், லோரியில் ஏறிக்கொண்டே. "முழுசாக் கேட்டா விட்டுருவாங்க."

மறுநாள் மணி அடித்ததும் டொரீன் பிடிலோடு, லோரி போன கோலா சிலாங்கூருக்கு பஸ் ஏறினாள். அவன் அங்கே இல்லை. எங்கே என்று சொல்லவும் ஆளில்லை.

ரேடியோவையும் கொண்டுபோய்விட்டார்கள். ஏரியல் கம்பி மட்டும் வேலியில் தொங்கியது. சாயங்காலம் காற்றடித்தபோது வேலி தன் பாதியைத் தானே பாடியது. நீங்கள் நம்பவேண்டாம். டொரீன் நம்பினாள். வாசிக்கத் தெரியாதவள், பிடிலை மடியில் வைத்துக்கொண்டு வேலியோரமாக உட்கார்ந்திருந்தாள்.

மாடு தலையைத் தூக்காமல் மேய்ந்துகொண்டிருந்தது.