கசடில் கிடந்த ஒன்பது பூச்சிகள்

ஆற்றின் உடல்நிலையைப் பூச்சிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆபீஸ் அது. வலையில் வாரி வந்த சேற்றை வெள்ளைத் தட்டில் கொட்டி, நெளிவதையெல்லாம் இடுக்கியால் பொறுக்கி எண்ண வேண்டும். நல்ல தண்ணீரில் மட்டுமே வாழும் மூன்றுவால் பூச்சிகள் நிறைய இருந்தால் ஆறு பிழைத்தது. வெறும் சிவப்புப் புழுவாக இருந்தால் போச்சு.

அவள் அங்கே பொறுக்க வந்து ஆறு மாதம். பொறுக்கி முடித்த கசடை மறுபடி துழாவிச் சரிபார்ப்பது அவளுடைய நாத்தனார். சிபாரிசு கேட்டுத் தன் காலில் விழாமல் பரீட்சை எழுதி உள்ளே வந்துவிட்டாளே என்று நாத்தனாருக்கு அடங்காத எரிச்சல்.

கசடில் ஐந்து பூச்சிக்கு மேல் தப்பியிருந்தால் ஒரு தவறு. மூன்று தவறானால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவளுக்கு இரண்டு ஆகிவிட்டது. வீட்டில் மாமியார் படுத்த படுக்கை; பகலில் பார்த்துக்கொள்ள நாத்தனார் ஒரு ஆயாவை அமர்த்தியிருந்தாள். வேலை போனால் அந்தக் கட்டிலுக்குச் சம்பளமில்லாத ஆயா தான்தான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அன்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். மூன்று முறை பார்த்த பிறகே தண்ணீர் குடிக்க எழுந்தாள்.

திரும்பி வந்தபோது தட்டருகே அதிகாரியும் நாத்தனாரும் நின்றிருந்தார்கள்.

"ஒன்பது சார். எனக்கே மனசு கேக்கல," என்றாள் நாத்தனார்.

அவள் குனிந்து பார்த்தாள். ஒன்பதும் மூன்றுவால் பூச்சிகள்தான். ஆனால் வெளுத்து விறைத்துக் கிடந்தன. ஸ்பிரிட் வாடை அடித்தது. மாதிரிக்கென்று அலமாரி பாட்டிலில் மாதக்கணக்கில் ஊறிய பூச்சிகள்!

"சார், இது இன்னிக்குக் காலைல வந்த தட்டு. இதுல ஸ்பிரிட்ல ஊறின பூச்சி எப்படி சார் வரும்? மோந்து பாருங்க."

அதிகாரி மோந்தார். புரிந்துவிட்டது என்பதை அவர் முகமே சொன்னது. ஆனால் பதினெட்டு வருட அறிக்கைகளிலும் நாத்தனாரின் கையெழுத்துதான் இருந்தது.

"இவங்க சொன்னது பொய்யின்னு நான் எழுதினா, இந்த ஆத்தப் பத்தி நாங்க இதுவரைக்கும் சொன்னது அத்தனையும் பொய்யாயிடும்மா. நீங்க கெளம்புங்க."

வாசல்வரை நாத்தனார் கூடவே வந்தாள், பையைக்கூட எடுத்துக் கொடுத்தாள். செய்வதையும் செய்துவிட்டு என்ன கரிசனம்!

"நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன் அண்ணி?"

"நின்னு அழுதுட்டிருக்காதே. சீக்கிரம் வீட்டுக்குப் போ. அம்மா காலைலேருந்து ஈரத்துலயே கெடக்கறாங்க. ஆயாவ நேத்தே நிறுத்திட்டேன்."