லெயோகாடியாவின் தாளில் ஒரு திருத்தம்

லெயோகாடியா வ்ரோனா 1996ஆம் ஆண்டு அக்டோபர் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, போலந்தின் எல்பிளாங் நகரத்தில் அறுபத்தேழு வயதில் பிறந்தாள். பிறக்கும்போதே விதவை. வலது முழங்காலில் வலி. வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. தேநீரில் எலுமிச்சை பிழிந்து குடிக்கும் பழக்கம். இவ்வளவும் ஆற்றங்கரை வடிவமைப்புப் பள்ளியின் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு தாளில் எழுதியவை. 'நாங்கள் யாருக்காகப் பொருள் செய்கிறோமோ அந்த ஆள் இவள்தான்' என்று அவர்கள் சொல்வதற்கான தாள் அது. பேராசிரியர் வாலென்டி அதில் முத்திரை குத்தியதும், ட்ராம் பாதையை ஒட்டிய குடியிருப்பில் ஆறாம் எண் கதவுக்கும் எட்டாம் எண் கதவுக்கும் நடுவே ஏழாம் எண் கதவு வந்து நின்றது. அக்கம்பக்கத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுச் சங்கம் மறுமாதமே வெந்நீர்க் கட்டணத்துக்குச் சீட்டு அனுப்பிவிட்டது.

வாலென்டி எங்கோ ஜெர்மனியில் ஆறு நாள் பயிற்சிக்குப் போய், ஐந்து வட்டங்களோடு திரும்பி வந்தவர். வட்டங்களைக் கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு வரைய வைத்தார். போய்க் கேள், பிரச்சினையைச் சொல், யோசி, செய்து பார், கொடுத்துப் பார். வழிமுறையில் ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதல் வட்டத்துக்கு ஒதுக்கிய பாடவேளை திங்கள் மதியம். முதல் வருடம் அன்றைக்குப் பார்த்து மழை. "இந்த ஒரு தடவை நீங்களே கற்பனை பண்ணி எழுதிடுங்க" என்றார் வாலென்டி. அவ்வளவுதான், அதற்குப் பிறகு வெயில் அடித்த திங்கள்கிழமைகளில்கூட ஒருவரும் வெளியே போகவில்லை. கேட்காத ஆளிடம் எதைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்ப்பது? ஐந்தாம் வட்டமும் அதோடு போயிற்று. மிச்சமிருந்த மூன்றும் மஞ்சள் ஒட்டுத்தாள்களால் ஓடின. படித்து முடித்து வார்சாவில் பெரிய நிறுவனங்களில் சேர்ந்தவர்களோ, முதலில் கைக்கு வந்ததைச் செய்து முடித்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து பின்னாலிருந்து முன்னால் ஐந்து வட்டங்களை வரைந்து வாடிக்கையாளருக்குக் காட்டினார்கள். விருந்தினராகப் பள்ளிக்கு வரும்போது அதே வாயால் பிள்ளைகளிடம், வட்டம்தான் எங்களுக்கு எல்லாம் என்று பேசிவிட்டுப் போனார்கள். வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே!

வருடா வருடம் புதிதாக ஓர் ஆளை உருவாக்கச் சோம்பேறித்தனம். லெயோகாடியா கோப்பில் தயாராக இருந்தாள். ஊன்றுகோல் செய்ய ஆசைப்பட்டவன் அவளுடைய இடது இடுப்பை எடுத்துக்கொண்டான். சிந்தாத கரண்டி செய்தவன் கைநடுக்கம் கொடுத்துத் தங்கப் பதக்கம் வாங்கினான். ஒருத்திக்குச் சர்க்கரை நோய் தேவைப்பட்டது. மாத்திரை டப்பா செய்த இன்னொருத்தி, செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் மறதி கொடுத்தாள். மற்ற நாள்களைக் காட்ட அவள் போஸ்டரில் இடமில்லை. முத்திரை விழுந்த மறுநாள் காலை லெயோகாடியா புது நோயோடு எழுந்திருப்பாள். நோய்கள் எல்லாம் தவறாமல் மூன்று மாடி ஏறி வந்தன. அந்தக் கரண்டி வந்ததா? டப்பா வந்ததா? ஒரு துரும்பும் வரவில்லை. எல்லாம் போஸ்டரோடு சரி. அவள் சந்தையில் வாங்கிய சாதாரணத் தடியை ஊன்றிக்கொண்டுதான் நடந்தாள். வயதுக் கட்டத்தில் மட்டும் யாரும் கை வைக்காததால் அறுபத்தேழிலேயே நின்றாள். பள்ளிக்கு மூன்று முறை கடிதம் போட்டாள். தங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. கடிதங்களை மாணவர்களுக்கு உத்வேகம் தரும் பலகையில் குத்தி வைத்திருந்தார்கள்.

பள்ளி அவளுக்குச் செய்த ஒரே நல்லது யகோடா. 2005இல் ஒரு மாணவன், தூரத்தில் இருப்பவர்களின் முகம் காட்டும் கண்ணாடி ஒன்று செய்ய நினைத்து, "ஒரே மகள், முப்பது வயது, அயர்லாந்தில் வேலை" என்று எழுதிவிட்டான். மறுநாள் காலை லெயோகாடியா கண் விழித்தபோது முப்பது வருடமும் நெஞ்சுக்குள் இருந்தது. பிரசவ வலி, அம்மை போட்ட பதினாலு நாள், பள்ளியில் பல் உடைத்துக்கொண்டது, விமான நிலையத்தில் திரும்பிப் பார்க்காமல் போனது. ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தப்பியதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸுக்கு யகோடா ஊருக்கும் வந்தாள். மகளின் வயதை யாரும் நிறுத்தி வைக்காததால் அது பாட்டுக்கு ஏறி, 2019இல் நாற்பத்திநாலு ஆனது. "இன்னும் இருபத்திமூணு வருஷந்தாம்மா, அப்புறம் நீயும் நானும் ஒரே வயசு. யார் யாரை அதட்டறதுன்னு அப்பப் பாத்துக்கலாம்" என்பாள். இந்தப் பேச்சுக்காக லெயோகாடியா எத்தனை நோயையும் தாங்கத் தயாராக இருந்தாள்.

2019 நவம்பரில், கீழ்வீட்டு ஸ்டெபானியா மூச்சு வாங்க மேலே வந்தாள். அவள் பள்ளியில் கூட்டித் துடைக்கும் வேலை செய்பவள். கூடத்தில் குத்தியிருக்கும் தாள்களை ஒன்றுவிடாமல் படிப்பாள்.

"லெயோகாடியா, உக்காரு. உன் பொண்ணைக் கொன்னுட்டானுங்க, தாள்ல. சாலை விபத்தாம். நாளைக்குப் பத்து மணிக்கு முத்திரை."

லெயோகாடியா உட்காரவில்லை. மறுநாள் காலை இடுப்பையும் முழங்காலையும் இழுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி, ட்ராம் பிடித்துப் பள்ளிக்குப் போனாள். யாரைப் பார்க்க வேண்டும் என்று வாயிற்காவலர் கேட்டார். "ரெண்டாம் வருஷப் பசங்களை. அவங்க எனக்காகத்தான் பொருள் செய்யறாங்களாம்" என்றாள். பார்வையாளர் பேரேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. அவர் கொஞ்சம் யோசித்து, 'மாதிரிப் பொருள்' என்ற தலைப்பின் கீழே அவள் பெயரை எழுதி உள்ளே விட்டார்.

கூடத்தில் தேர்வுக் குழு உட்கார்ந்திருந்தது. சிப்ரியன் என்ற மாணவன் இஸ்திரி போட்ட சட்டையில் தன் போஸ்டர் பக்கத்தில் நின்றான். முட்டை வடிவத்தில் ஒரு கருவி. தனியாக இருப்பவர்களிடம் பேசுமாம். ஆறு வாரமாக அவள் முகத்தையே வரைந்து வரைந்து பழகியவன், பார்த்ததும் அடையாளம் கண்டு வெளிறிப்போனான்.

"தம்பி, என் பொண்ணு உனக்கு என்ன பாவம் பண்ணினா?"

"அம்மா, அவங்க இருந்தா போன் பண்ணுவாங்க. போன் பண்ணினா, அப்புறம் இந்தக் கருவி எதுக்குன்னு சார் கேப்பார். பிரச்சினை இல்லேன்னா என் ப்ராஜெக்டே இல்லம்மா."

"அப்போ அந்த முட்டையைத் தூக்கிப் போடு. அவளை ஏன்டா சாகடிக்கிறே?"

வாலென்டி எழுந்து வந்தார். "அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க. நீங்க தனி ஆள் கிடையாது. முந்நூறு பேரோட சாராம்சம்."

"அந்த முந்நூறு பேர்ல எத்தனை பேரை நேர்ல பாத்தீங்க?"

லெயோகாடியா தடியைத் தூக்கிச் சுவரைக் காட்டினாள். "போய்க் கேளுன்னு இவ்ளோ பெருசா எழுதி வெச்சிருக்கீங்களே, இத்தனை வருஷத்துல ஏழாம் நம்பர் கதவை ஒருத்தன் வந்து தட்டினானா? என் வீட்டுல பெல் அடிக்குமா அடிக்காதான்னாவது உங்கள்ல யாருக்காச்சும் தெரியுமா?"

வாலென்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூடத்தில் குத்தி வைத்த தாளில் ஒரே ஒரு திருத்தம் செய்யலாம் என்பது விதி. இல்லாவிட்டால் பிள்ளைகள் அடித்து அடித்து எழுதிக்கொண்டே இருப்பார்கள் என்று அவரே போட்ட விதி. அந்தத் திருத்தத்தை அவளே செய்துகொள்ளட்டும் என்று பேனாவை நீட்டினார். தான் பெரிய மனது பண்ணுவதாகத்தான் அவர் நினைத்தார்.

லெயோகாடியா தாளை முதலிலிருந்து படித்தாள். முழங்கால், இடுப்பு, நடுக்கம், சர்க்கரை. கடைசியில் புது வரிகள் இரண்டு இருந்தன. மகள் இறந்துவிட்டாள் என்பது ஒன்று. அதற்குக் கீழே, "பார்வை போய்க்கொண்டிருக்கிறது." திரை வைத்த கருவி செய்தால் செலவு ஏறும், பார்வை இல்லாதவளுக்குத் திரையே வேண்டாம் என்பதால் சிப்ரியன் அதை எழுதியிருந்தான். ஸ்டெபானியா முதல் வரியைப் படித்ததுமே ஓடி வந்துவிட்டதால் இதைப் பார்க்கவில்லை.

"ரெண்டா பண்ண முடியாதா?"

"ஒண்ணுதாம்மா."

"சார், இன்னொரு வரியை நான் அடிச்சுடறேன் சார், என் தாள்தானே" என்றான் சிப்ரியன்.

"தாளுக்கு ஒண்ணு. ஆளுக்கு ஒண்ணு இல்லை" என்றார் வாலென்டி.

இப்படிப்பட்ட மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது! லெயோகாடியா திட்டவில்லை. நடுங்கும் கையால் மகளின் வரியைத் தாள் கிழியும் அளவுக்கு மூன்று முறை அடித்தாள். பேனாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். முதுகுக்குப் பின்னால் முத்திரை விழும் சத்தம் கேட்டது. குழு சிப்ரியனுக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுத்து, பயனாளரை நேரடியாகப் பங்கேற்க வைத்தது பாராட்டுக்குரியது என்று குறிப்பும் எழுதியது. அந்தக் குறிப்போடு தயாரான சான்றிதழை வாங்க அவன் போகவில்லை. அடுத்த வருடக் கையேட்டில் முதல் வட்டத்துக்கு எடுத்துக்காட்டாக அவள் தடியைத் தூக்கி நிற்கும் புகைப்படத்தைப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. யகோடா டப்ளின் மழையைத் திட்டினாள். லெயோகாடியா கேட்டுக்கொண்டே இருந்தாள். டிசம்பர் முதல் வாரத்தில் ட்ராமின் எண் மங்கியது. இரண்டாம் வாரத்தில் கட்டணச் சீட்டுகளை ஸ்டெபானியா மேலே வந்து படித்துச் சொன்னாள். பேசும் முட்டை வார்சாவில் ஒரு கண்காட்சியில் படமாகத் தொங்கியது.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் யகோடா பெட்டியோடு வந்து கதவைத் தட்டினாள். திறந்த அம்மா தன் முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் பார்ப்பதைக் கவனித்தாள்.

"இந்த வருஷ நோய் கண்ணுலயாம்மா?"

"ஆமா, கண்ணு" என்றாள் லெயோகாடியா. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் மகளின் நெற்றியை, கன்னத்தை, தாடையைத் தடவிப் பார்த்தாள். "இளைச்சுட்டே. அங்க உனக்கு யாரும் சோறு போடறதில்லையா?"

யகோடா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அம்மா தடவி முடிக்கும்வரை அசையாமல் நின்றாள்.