ராஜா வாங்கிய குடை

ரைனாக்கா பசை டப்பாவும் தூரிகையுமாக வந்து நின்றபோது, அவள் கணவரின் குடைக்கடை வாசலில் சிவப்பு நாடா கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் செத்தவரின் படம் போட்ட அறிவிப்பை அவர் புழங்கிய கதவில் ஒட்டுவோம். நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. ரைனாக்காவின் கணவர் ஸ்பாஸ் அண்ணன் போய் அன்றோடு ஒரு வருஷம். முதல் இரண்டு தாள்களும் கடைக்கதவில்தான் இருந்தன. பிறகு கடைவீதியைப் பழுதுபார்க்கிறோம் என்று, எதிர்க்கடையில் பொத்தான் விற்ற என்னையும் சேர்த்து எல்லோரையும் காலி செய்த நகராட்சி, கதவுகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டது.

கண்ணாடிக் கூரை போட்ட எங்கள் கடைவீதியின் வரலாறு சுருக்கமானது. ஒரு தானிய வியாபாரி பாரிஸைப் பார்த்துவிட்டு வந்து கட்டினார். முதல் மழையிலேயே கூரை ஒழுகியது. அதன்பின் ஆட்சிகள் மாறின, ஒழுகல் மாறவில்லை. கூரைக்குக் கீழே ஒரு குடைக்கடை பிழைத்தது அப்படித்தான்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகைக்காரர் வரலாறு கேட்டு வந்தார். ஸ்பாஸ் அண்ணன் சிரிக்காமல் சொன்னார்: "ராஜாவே எங்க தாத்தாகிட்ட குடை வாங்கியிருக்கார் தம்பி. 'கிரீடத்துக்குக் கீழயும்...' அப்படின்னு கொஞ்சம் நிறுத்தி, 'தலைதான் இருக்கு, நனையுது'ன்னாராம்." தாத்தா அந்தக் காலத்தில் மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர். நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம். பத்திரிகை அச்சிட்டது. இப்போது அது பளிங்கில், தங்க எழுத்தில், புதுக் கதவருகே பதிந்திருந்தது.

நகராட்சிப் பண்பாட்டுப் பிரிவின் கிரஸ்தேவ் ஓடி வந்தார்.

"இன்னிக்கு வேண்டாம்மா. மேயர் வர்றார்."

"இன்னிக்குத்தான்பா வருஷம். மேயரைக் கேட்டு நாள் பார்த்தா செத்தாரு?"

"பாரம்பரியச் சின்னம்மா இது. தாளெல்லாம் ஒட்டக்கூடாது."

"ஆயுசு பூரா இந்தக் கதவைத் திறந்தவருப்பா."

"அந்தக் கதவே இப்ப இல்லையேம்மா," என்றார் கிரஸ்தேவ். அதில் பொய் எதுவும் இல்லை.

மேயர் நாடாவை வெட்டி, வரலாற்றைப் பேசினார். ராஜாவிடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, தலையைத் தொட்டுக் காட்டினார். ஸ்பாஸ் அண்ணன் நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தினார். கூட்டம் கைதட்டியது. ரைனாக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறாகிவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் பேச்சு உள்ள போயிடுச்சுடி. அவரைத்தான் விடமாட்டேங்கறாங்க."

பின்பக்கம், குப்பைத்தொட்டிகளை ஒட்டிய சுவருக்குப் போனோம். கதவில்லாத மற்றவர்களை ஏற்கெனவே அங்கே கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள். சவரக்கடை லாசரும் கடிகாரக்கடை மேத்தோதியும், உயிரோடிருந்தவரை முகம் பார்த்துப் பேசாதவர்கள், பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். நடுவில் ஒரு தாளுக்கு இடமிருந்தது.

"இவங்க நடுவுலயா?" என்றாள் ரைனாக்கா. "பொழுதுக்கும் பஞ்சாயத்துல்ல பண்ணணும் இவரு."

நான் பசை தடவினேன். மெல்லிய தாள், ஈரத்தில் ஸ்பாஸ் அண்ணனின் ஒரு கன்னம் உப்பிக்கொண்டது. அவள் உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்தாள்.

உள்ளே வாத்தியம் முழங்கத் தொடங்கியது. வெளியே தூறல். குடைக்காரர் பெண்டாட்டியிடம் குடை இல்லை.

"காஞ்சிரும், விடுக்கா," என்றேன்.

கன்னத்தில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. இன்னொரு கையை அவர் தலைக்கு மேலே கூரையாகப் பிடித்தாள்.