மேனேஜருக்கு இடமாற்றம்

பூட்டுக்கடைக்காரர் தன் ஆயுளில் எந்தச் சரக்கையும் குறை சொல்லி விற்றவரில்லை. துருவேறிய தாழ்ப்பாளைக்கூட "இந்த உறுதி இப்ப வர்றதுல கிடையாதுங்க" என்று தலையில் கட்டிவிடுகிற வாய் அது. அதே வாய் கொஞ்ச நாளாகச் சொந்த நாயை நார்நாராகக் கிழித்துக்கொண்டிருந்தது.

கடையை விற்கப் பேசி முடித்தாயிற்று. கணவனும் மனைவியுமாக மகள் ஊருக்குக் குடிபோகிறார்கள். அவள் இருக்கும் அடுக்குமாடியில் நாய்க்கு அனுமதியில்லை. நாயின் பெயர் மேனேஜர். கல்லாவுக்குப் பக்கத்தில் நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு, வருகிறவர்களை ஒற்றைக் கண்ணைத் திறந்து மேற்பார்வை பார்ப்பதால் கிடைத்த பதவி. காப்பகத்திலிருந்து எடுத்து வளர்த்த நாய் என்பதால், புது வீடு பார்த்துத் தருவதும் காப்பகத்துப் பெண்ணின் பொறுப்பு. குடிபோவதற்குள் ஆள் அமையாவிட்டால் மேனேஜர் பழையபடி கூண்டுக்குத்தான் போக வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் ஒரு சட்டம் உண்டு. நாயின் குறைகளை எல்லாம் பழைய வீட்டுக்காரர் புது ஆளின் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். பிறகு, "இதை முன்னாடியே சொல்லலையே" என்று யாரும் நாயைத் திருப்பிக் கொண்டுவந்து விடக் கூடாது பாருங்கள்.

நம்மவருக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று. ஒரு வாத்தியார் வந்தார். மேனேஜர் போய் அவர் மடியில் தலையை வைத்தது. பூட்டுக்கடைக்காரர் உடனே வாயைத் திறந்தார்.

"சொறி வந்து போன உடம்புங்க. எப்ப திரும்ப வரும்னு சொல்ல முடியாது."

வாத்தியார் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஏங்க, நாய்க்கு இடம் பார்க்கிறீங்களா, கெடுக்கிறீங்களா?" என்றாள் மனைவி.

"உள்ளதைச் சொல்றேன்."

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப இந்த உண்மையெல்லாம் எங்க போச்சாம்?"

கடைசியில் வந்து நின்றவர் எதிர்க்கடை பெயிண்ட் வியாபாரி. போயும் போயும் இவனா என்றிருந்தது பூட்டுக்கடைக்காரருக்கு. காப்பகத்துப் பெண் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் ஆரம்பித்தார்.

"ராத்திரி முழுக்கக் குரைக்கும்."

"எனக்கும் தூக்கம் வராது. பேச்சுத்துணை ஆச்சு."

"செருப்பைக் கடிக்கும்."

"பல்லு கெட்டின்னு சொல்லுங்க."

"படு சோம்பேறி. திருடன் வந்தா டார்ச் அடிச்சு வழி காட்டும்."

பெயிண்ட்காரர் சிரித்துவிட்டார். "அண்ணே, நானும் கடை வச்சிருக்கிறவன்தான். நல்ல சரக்கை உள்ளே பதுக்கி வச்சிருக்கிறவன்தான் கேக்க வந்தவங்கிட்ட இவ்வளவு மட்டம் தட்டுவான். எனக்கு இவரு கண்டிப்பா வேணும்."

வாத்தியாரிடம் செல்லுபடியான சாமர்த்தியம் வியாபாரியிடம் தலைகீழாகப் போயிற்று. அது போதாதென்று, பெயிண்ட்காரர் தொடையைத் தட்டி, "மாப்ளே, வாடா" என்றார். மேனேஜர் எழுந்து, வாலோடு இடுப்பையும் சேர்த்து ஆட்டிக்கொண்டு போயிற்று.

"மாப்ளேயா? யாரு மாப்ளே?"

"மத்தியானம் நீங்க உள்ளே கண்ணசருறப்ப தினமும் நம்ம கடைக்குத்தானே வருவாரு! டப்பா அடுக்குக்குக் கீழே தரை சில்லுனு இருக்கும்ல?"

பூட்டுக்கடைக்காரர் நாயை முறைத்தார். இங்கே பதவி கொடுத்து உட்கார வைத்தால், அங்கே போய்ச் சம்பந்தமே பண்ணிக்கொண்டு வந்திருக்கிறான்!

"வேற ஏதாவது குறை இருக்கா சார்?" என்றாள் காப்பகத்துப் பெண்.

இருந்தது. உண்மையான குறை அது ஒன்றுதான். ஷட்டர் தடாலென்று விழும் சத்தம் கேட்டால் மேனேஜருக்குப் புத்தி கலங்கிவிடும், வண்டி வாகனம் பார்க்காமல் ஓடும். அதனால்தான் தினமும் ஷட்டரை உள்ளங்கையில் தாங்கித் தாங்கி இறக்குவார். பெயிண்ட்காரரோ ஒரே இழுப்பில் தெரு அதிர இறக்குகிற ஆள். நல்லவேளையாக, இத்தனை நாளும் அவர் கடை சாத்துவதற்கு முன்பே மேனேஜர் வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

"இல்லம்மா. அவ்வளவுதான்" என்றார்.

அவர் போட்ட கணக்கு எளியது. சத்தம் விழும், பயல் அலறியடித்துக்கொண்டு தன்னிடம் ஓடி வருவான். யார் மாப்பிள்ளை, யார் மேனேஜர் என்று அப்போது தெரியட்டும்.

மேனேஜர் அன்றே எதிர்க்கடைக்குப் போய்விட்டது. சாயங்காலம் பூட்டுக்கடைக்காரர் தன் கடையைச் சாத்தவில்லை. கல்லாவிலிருந்து எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்ட்காரர் கம்பியைக் கொக்கியில் மாட்டி இழுத்தார். தடால்!

வாசலில் பெயிண்ட்காரரின் காலடியில் நின்ற மேனேஜர் துள்ளிப் பாய்ந்தது. ஆனால் இவரிடம் வரவில்லை. இவரைப் பார்க்கக்கூட இல்லை. நேரே நடுரோட்டுக்கு ஓடியது. ஒரு வேன் கிறீச்சிட்டுத் திரும்பியது. இவர் கல்லா மேசையைச் சுற்றிக்கொண்டு இறங்குவதற்குள், பெயிண்ட்காரர் ரோட்டில் விழுந்து புரண்டு நாயை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தார். முழங்கை தோலுரிந்து ரத்தம்.

"என்னண்ணே ஆச்சு இவருக்கு? நல்லாத்தானே இருந்தாரு?"

பூட்டுக்கடைக்காரர் எதிர்க்கடையைக் கை காட்டினார். "ஷட்டர்... அந்தச் சத்தம் ஆகாது."

"இதைச் சொல்லவே இல்லையே?"

"சொல்லல."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

பெயிண்ட்காரர் அவர் முகத்தையே பார்த்தார். இன்னும் என்னவோ கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டார். முழங்கையைத் துடைத்துக்கொண்டு, "சரி வாங்க, எப்படி இறக்கணும்னு காட்டுங்க" என்றார்.

மூவருமாக எதிர்க்கடைக்குப் போனார்கள். அந்தக் கடை வாசலை அவர் மிதித்து வருஷக்கணக்காகியிருந்தது. ஷட்டரை மறுபடி ஏற்றினார்கள்.

"கம்பியைத் தூக்கி எறிங்க முதல்ல. உள்ளங்கையைக் கீழே கொடுங்க. பிள்ளையைத் தொட்டில்ல போடறாப்ல... அவசரப்படாதீங்க, யாரும் துரத்தல."

ஷட்டர் தரையைத் தொட்டது. மேனேஜர் நடுங்கியது, ஆனால் ஓடவில்லை. பெயிண்ட்காரரின் கணுக்காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"மாப்ளே, வீட்டுக்குப் போவமா?"

இருவரும் நடந்தார்கள். பூட்டுக்கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"மேனேஜர்!"

ஒரு காது மட்டும் பின்னால் திரும்பியது. நடை நிற்கவில்லை. பெயிண்ட்காரர் அதைக் கவனிக்கவில்லை என்பதில் அவருக்கு ஒரு சின்ன திருப்தி. அந்த ஒற்றைக் காதைத் தன் பங்காக எடுத்துக்கொண்டு, தன் கடையைச் சாத்தப் போனார்.