சீட்டுக்குக் கீழே ஒரு கம்பனி

1.

வீட்டுக்காரர் முத்தலிபு, எஞ்சின் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர், வாசலைப் பார்த்த சாய்கதிரையில். அவருடைய மனைவி றைஸா குசினிக் கதவு நிலையில், பாதி உள்ளே, பாதி வெளியே. றைஸாவின் நானா (அண்ணன்) மகன் ஹுனைஸ், பாலாவிச் சந்தியில் போன் கடை வைத்திருப்பவன், பிளாஸ்டிக் கதிரையின் நுனியில், எழும்பி ஓடத் தோதாக. மகள் ஸஹ்னா தையல் மெஷினுக்கு முன்னால், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு. சாப்பாட்டு மேசையில் தாளும் பேனையுமாக நான்.

இப்ஹாம் அங்கே இல்லை. அவனுக்குக் கதிரை போடவுமில்லை. ஆனால் அவன் பொருட்டுத்தான் கூடியிருந்தோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாக வந்திருக்கக் கூடாதது. நான் தபால் கந்தோர் விறாந்தையில் மேசை போட்டுக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவன். சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித் தந்த ஒழுங்கு ஒன்றுதான்: அனுப்புநர், பெறுநர், விடயம், பிறகு பந்தி பந்தியாக நியாயம், கடைசியில் ஒப்பம். அன்றைக்கு அனுப்புநரை எழுதினேன். பெறுநர் என்று எழுதினேன். பேனை நின்றுவிட்டது. யாரைக் குற்றம் சொல்வது என்று அந்த வீட்டில் நடந்த சண்டை கடிதத்துக்குள் அடங்கவில்லை. அடங்காமல் வழிந்ததைத்தான் இங்கே பிடித்து வைத்திருக்கிறேன்.

2.

தொடக்கம், முதலாவது தரம்: கல்பிட்டி வீதியில் ஒரு கழுதை நடந்து போகிறது. அதன் கழுத்தில் ஒரு சின்னப் பொத்தான். அதன் பின்னால், போனைப் பார்த்தபடி, வாசனை பூசிய ஒரு வாலிபன்—

(சிரித்திருப்பீர்கள். எனக்கும் விட மனமில்லை. ஆனால் நடந்ததில் கழுதை இல்லை. கழுதையை உள்ளே விட்டால் கதை முழுக்க அதுதான் மேயும்.)

தொடக்கம், இரண்டாவது தரம்: அவள் அறியவில்லை, தன் ஒவ்வோர் அசைவையும் ஒரு கண்—

(இல்லை. இப்படித் தொடங்கினால் அடுத்த வரியில் மழை பெய்யும்.)

தொடக்கம், மூன்றாவது தரம், இதுதான் நிற்கிறது: ஸஹ்னாவுக்குத் தன் ஸ்கூட்டியின் சீட்டில் ஒரு தையல் பிடிக்கவில்லை.

3.

ஸஹ்னா பட்டம் தைப்பவள். பிள்ளைகள் விடும் பட்டம் அல்ல. ஆலங்குடாக் கடற்கரையில் வெள்ளைக்காரர் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, காற்றில் இழுபட்டு ஓடுகிறார்களே, அவர்கள் பிடித்திருக்கும் பெரிய பட்டங்கள். அவை கிழியும். கிழிந்ததை விடுதி விடுதியாகப் போய் ஸ்கூட்டியில் ஏற்றிவந்து, தைத்து, திருப்பிக் கொடுப்பாள். காற்றடிக்கும் மாதங்கள்தான் அவளுக்கு வருஷம். மற்ற மாதங்கள் சும்மா கலண்டரில் தொங்குபவை.

போன வருஷம் அவளுக்கு இப்ஹாமைக் கலியாணம் பேசினார்கள். இவள் வேண்டாம் என்றாள். அதோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். இந்தக் காற்றுக் காலத்தில் அவள் பாண் கடைக்குப் போனால் அவன் அங்கே நின்றான். விடுதி வாசலில் இறங்கினால் எதிரே மதிலில் சாய்ந்து நின்றான். வழமையான பாதையை விட்டுச் சுற்றிப் போனாள். சுற்றிய பாதையிலும் நின்றான். பேசமாட்டான். "எதேச்சையா வந்தன்" என்பதுபோல ஒரு சிரிப்பு மட்டும்.

"உனக்கு மனப்பிராந்தி," என்றாள் றைஸா. ஸஹ்னாவும் அப்படித்தான் நம்பப் பார்த்தாள். மனப்பிராந்திக்கு மருந்து உண்டு, இப்ஹாமுக்கு இல்லை.

அப்போதுதான் அந்தத் தையல். சீட்டு உறையின் கீழ்விளிம்பில், விரல் நீளத்துக்கு, நூல் தடித்து, முடிச்சு வெளியே தெரிய யாரோ கையால் தைத்திருந்தார்கள். அவள் தைத்ததல்ல, சீட்டுக்காரன் தைத்ததுமல்ல. பிரித்துப் பார்த்தாள். பஞ்சுக்குள் கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு வெள்ளை வட்டம் கிடந்தது. பின்தொடரும் கருவி. பக்கத்தில் போகிறவர்களின் போன்களைத் தொட்டுத் தொட்டு, தான் இருக்கும் இடத்தைச் சொந்தக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொத்தான்.*

(* பொலிசுக்குப் போகவில்லையா என்பீர்கள். போனார்கள். முறைப்பாட்டை எழுதி, பொத்தானை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்ஹாமைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "அது என்டதெண்டு ஆர் சொன்ன?" என்றான். பொத்தான் யார் பெயரில் பதிவு என்பது செய்த கம்பனிக்கு மட்டும்தான் தெரியும். கம்பனி சொல்லும்வரை, இப்ஹாமின் போனில் ஸஹ்னா பொலிஸ் நிலையத்திலேயே குடியிருக்கிறாள்.)

4.

"பெறுநர் ஆரு?" என்று கேட்டேன்.

"இப்ஹாமுக்கு எழுது," என்றார் முத்தலிபு. "காலை முறிப்பன் எண்டு எழுது."

"அதுக்கு முத்திரை வீண் வாப்பா," என்றாள் ஸஹ்னா, திரும்பாமலே.

"ஒருத்தருக்கும் எழுத வேணாம்," என்றாள் றைஸா. "வண்டித் திறப்பை வாங்கி வைங்க. இவ வெளிய போகாட்டி எவன் பின்னால வாற?"

அன்று சொல்லப்பட்ட யோசனைகளில் உடனே நிறைவேறியது இது ஒன்றுதான். முத்தலிபு எழும்பினார், ஆணியில் தொங்கிய திறப்பை, ஸ்கூட்டிச் சாவியை, எடுத்தார், அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார், அலுமாரித் திறப்பைச் சாரத்து மடிப்பில் சொருகினார், வந்து இருந்தார். யாருக்கும் முகவரி தேவைப்படவில்லை.

ஸஹ்னாவின் கால் மெஷின் மிதியில் இருந்தது. மிதிக்கவில்லை. வெளியே தென்னைகளை உலுக்கிக்கொண்டு காற்று. ஆலங்குடாவில் இந்நேரம் எத்தனை பட்டம் கிழிந்திருக்கும் என்று நினைத்தாள். அவற்றைத் தைக்க வேறு யாரைத் தேடுவார்கள் என்று நினைத்தாள். தேடினால் கிடைப்பார்கள் என்பதுதான் அவளைக் குத்தியது.

"கம்பனிக்கு எழுதுங்க சாச்சா," என்றாள் என்னிடம். "செஞ்ச கம்பனிக்கு. கொழும்பில இறக்குமதி செய்றவங்களுக்கு ஒரு பிரதி."

ஹுனைஸுக்குச் சிரிப்பு வந்தது. "கம்பனி என்ன செய்யும் மச்சி? கத்தி செஞ்சவனையா பொலிஸ் பிடிக்கிற?"

அப்போதுதான் அவள் ஸ்டூலைத் திருப்பினாள்.

"கத்தி செஞ்சவன் வித்ததோட போயிருவான் மச்சான். இது அப்பிடியா? நான் பாண் கடையில நிக்கிறன், இப்ப விடுதியில நிக்கிறன் எண்டு நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்லிக் குடுத்தது ஆரு? இப்ஹாமுக்கு என்ன தெரியும்? கம்பனிதானே சொன்ன. இவ்வளவு நாளும் என்ட சீட்டுக்குக் கீழ குந்தியிருந்தது கம்பனி."

பெறுநர் கிடைத்துவிட்டார். எழுதினேன்.

"அவங்க பெட்டியில எழுதித்தானே இரிக்கி," என்றான் ஹுனைஸ், கொஞ்சம் இறங்கி. "ஆக்களுக்குப் பின்னால போகப் பாவிக்க வேணாம் எண்டு."

"வேணாம் எண்டு அச்சடிக்கிறான் எண்டா, பாவிப்பாங்க எண்டு தெரிஞ்சுதானே?"

"சத்தமும் வச்சிரிக்கான். சொந்தக்காரன்ட போனை விட்டுத் தூரப் போனா பொத்தான் கீச்சுக் கீச்செண்டு கத்தும். ஒளிச்சு வச்சா தெரியட்டும் எண்டுதான்."

"அப்ப என்ட சீட்டுக்குள்ள ஏன் கத்தல்ல?"

ஹுனைஸ் சுற்றாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான்.

"மச்சான்."

"சத்தத் தகட்டைக் கழட்டிட்டுத்தான் விக்கிறன்," என்றான். "நகவெட்டி முனையால நெம்பினா வந்திரும். போட்டுக்காரங்க கேக்கிறாங்க. எஞ்சினுக்குள்ள ஒளிச்சு வைக்கிறாங்க. அது கத்தினா, எஞ்சின் களவெடுத்தவன் பொத்தானைப் பிடுங்கிக் கடல்ல எறிஞ்சிருவான்தானே?"

"அப்ப இப்ஹாமுக்கும் நீதான் வித்தியா? அவனுக்கு ஏதுடா எஞ்சின்?" றைஸா முழுசாக வெளியே வந்துவிட்டாள். "அவன்ட குடும்பத்தில ஒரு துடுப்பு இரிக்கா? ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

"இது அவனுக்கு வித்த பொத்தான்தானா எண்டு கம்பனிக்குத்தான் தெரியும். போட் வாங்கப் போறன் எண்டான் மாமி."

"போட் வாங்க முந்தி எஞ்சினுக்குக் காவல் போட்டானாக்கும்!"

"எல்லாரும் என்னையே பாக்காதீங்க," என்றான் ஹுனைஸ், உண்மையிலேயே எழும்பி. "முதல் முதல் சத்தத்தைக் கழட்டித் தா எண்டு கேட்டது மாமா."

5.

[இந்த இடத்தில் முத்தலிபு தாடியைத் தடவினார் என்று எழுதினேன். அவருக்குத் தடவுமளவு தாடி இல்லை. தேத்தண்ணீரைக் குடித்தார் என்று எழுதினேன். கோப்பை காலி. ஒன்றும் செய்யாமல் இருந்தார் என்பதுதான் சரி. ஒன்றும் செய்யாமல் இருப்பவரை எழுதுவது கஷ்டம்.]

நான் என் வேலையைப் பார்த்தேன். கோரிக்கை ஒன்று: பொத்தானின் பதிவுப் பெயரைப் பொலிசுக்கு அறிவிக்கவும். கோரிக்கை இரண்டு: யாராலும் கழற்ற முடியாதபடி சத்தத்தை அமைக்கவும், அமைக்காமல் விற்றதால் வந்த தீங்குக்குப் பொறுப்பேற்கவும். வாசித்துக் காட்டினேன்.

"இரண்டாவதை வெட்டு," என்றார் முத்தலிபு.

"ஏன் வாப்பா?"

"கழட்ட ஏலாம செஞ்சா எனக்கு அது எதுக்கு? போன மாசம் பக்கத்து மீன் வாடியில எஞ்சின் களவு போன. என்ட எஞ்சினும் போனா நாங்க என்னத்தைத் தின்ற?"

சரியான கேள்வி. நியாயம் இரண்டு பக்கமும் இருக்கும்போது என் பேனை தானாகவே மை வற்றிவிடும். களவனை ஏமாற்றும் மௌனமும் பெண்ணை ஏமாற்றும் மௌனமும் ஒரே தகட்டைக் கழற்றினால் வருவது. கம்பனிக்காரர் என்ன சொல்வார் என்று எனக்கே எழுத வந்தது: நாங்கள் நல்லதற்குத்தான் செய்தோம், கெட்டவர்கள் கெடுத்தால்—

ஸஹ்னா அந்த வசனத்தை முடிக்க விடவில்லை.

"எஞ்சின் எங்கட சோறு, எனக்குத் தெரியும். களவு போயிரும் எண்டு உங்களுக்கு எந்த நாளும் பயம். அதுக்காக எஞ்சினை அலுமாரியில வச்சுப் பூட்டினீங்களா வாப்பா? கடலுக்குக் கொண்டுதானே போறீங்க. என்ட வண்டியை மட்டும்தானே பூட்டினீங்க."

றைஸா குசினிக்குள் போனாள். ஒரு பாத்திரத்தை எடுத்தாள், வைத்தாள், திரும்ப வந்து அதே இடத்தில் நின்றாள்.

"வெட்ட வேணாம்," என்றார் முத்தலிபு கடைசியில். "அதுக்குக் கீழ நான் சொல்றதை எழுது. சத்தத்தைக் கழட்டச் சொல்லி முதல்ல கேட்டவன் நான். களவனுக்குப் பயந்து கேட்டன். எனக்குத் திறந்த அதே ஓட்டையாலதான் என்ட புள்ளைக்குப் பின்னால வந்தவனும் பூந்தான். இது ஒரு கெட்டவன்ட வேலை எண்டு நீங்க சொல்லித் தப்ப ஏலா. நல்லவங்களும் கேப்பாங்க, கடைக்காரன் கழட்டுவான், அது உங்களுக்குத் தெரிஞ்சிரிக்க வேணும். எழுதினியா?"

"பெயர் போடவா?"

"என்ட பேரைப் போடு."

"கடைப் பேரைப் போடாதீங்க நானா," என்றான் ஹுனைஸ்.

"போட்டா உனக்கு விளம்பரம்தானே," என்றாள் றைஸா. "இனிக் கழட்டினியோ, உன்ட நகவெட்டியை நான் எடுத்துருவன்."

முத்தலிபு அலுமாரியைத் திறந்தார். "நாளைக்குக் கடிதத்தைப் போட்டுட்டு வந்து தா," என்று திறப்பை நீட்டினார்.

"காத்துக் காலம் முடியத் தாறன்," என்று வாங்கினாள் ஸஹ்னா.

இரண்டு பேரும் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

6.

அன்று மாலை கடிதத்தைச் சுத்தப்பிரதி எடுத்தேன். எடுத்த கையோடு, நீங்கள் இதுவரை வாசித்ததையும் எழுதினேன். ஆனால் அதில் வேறு இரண்டு பந்திகள் இருந்தன.

மறுநாள் காலை தபால் கந்தோர் விறாந்தைக்கு ஒப்பமிட வந்த ஸஹ்னா, கடிதத்துக்குப் பதிலாகக் கதையைத்தான் முதலில் எடுத்தாள்.

"இது என்ன? 'இப்ஹாமின் இதயத்தில் ஒரு தீராத'... தீராத என்ன?"

"வசனம் முடியல்ல மகள். ஒரு கதாபாத்திரத்துக்கு உள்ளே போய்ப் பார்க்கிறது எழுத்து முறை."

"அவனுக்கு உள்ள போகாதீங்க. அவனே எல்லாருக்கும் உள்ள போறவன்."

வெட்டினேன். அதனால்தான் இந்தக் கதையில் அவனுக்கு ஒரே ஒரு வசனம், அதுவும் அடிக்குறிப்பில்.

"இது?" அடுத்த தாளைக் காட்டினாள். அவள் வழமையான பாதையை விட்டுச் சுற்றிப் போன பாதை, எந்த ஒழுங்கையில் திரும்புவாள், எந்த விடுதிக்கு எந்தக் கிழமை போவாள் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தேன். ஒழுங்கு எனக்குப் பெருமை.

"கதை நம்பும்படி இரிக்க வேணும்தானே," என்றேன்.

"சாச்சா, நான் எங்க போறன் எண்டு எனக்குத் தெரியாம எழுதி வச்சிரிக்கிறீங்க. அவன் செஞ்சதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அதுவும் நீங்க கீச்செண்டு ஒரு சத்தம் போடல்ல."

[இங்கே ஒரு நல்ல பந்தி இருந்தது.]

[இங்கே இரண்டு விடுதிப் பெயர்களும் ஒரு குறுக்குப் பாதையும்.]

[இங்கே நான் என்னை நியாயப்படுத்தினேன். அதையும் எடுத்தாயிற்று.]

7.

முடிவுகள். என்னிடம் சில இருக்கின்றன.

ஒன்றில், முத்தலிபுவின் எஞ்சின் களவு போகிறது. வடிவாகப் பொருந்தும். ஆனால் ஒரு கருத்தைச் சொல்வதற்காக ஒரு மனிதரின் எஞ்சினைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றில், கம்பனி பதில் போடுகிறது: தங்கள் கடிதம் கிடைத்தது, தங்கள் தனியுரிமையில் எமக்கு மிகுந்த அக்கறை. இதை எழுத என்னைவிட அவர்களுக்குப் பழக்கம்.

இன்னொன்றில் ஒரு நீதிபதி, பின்தொடர்ந்தவனும் விற்றவனும் உண்டாக்கியவனும் ஆளுக்கு இவ்வளவு பொறுப்பு என்று பங்கு பிரிக்கிறார். அந்தப் பங்கை நான் பல தாள்களில் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒருவர் தப்பிவிடுகிறார், ஒவ்வொரு தடவையும் வேறொருவர்.

அதனால் பங்கை உங்களிடம் தருகிறேன். முத்தலிபு மாலையில் திறப்பைத் திருப்பிக் கேட்டாரா, கேட்டால் அவள் கொடுத்தாளா என்பதையும் சேர்த்து. நான் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்ப்பது முறையுமில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஸஹ்னா கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். தகப்பன் சொன்ன பந்தியில் கொஞ்சம் நின்றாள். ஒப்பமிட்டாள். உறையின் ஓரத்தில் பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தி, தையலைச் சரிபார்ப்பது போல விரலால் ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். உள்ளே போய், கருமபீடத்தில் முத்திரை விற்கும் கமீலா தாத்தாவிடம் (எங்கள் ஊரில் தாத்தா என்றால் அக்கா) நீட்டினாள்.

"பதிவுத் தபால்."

கமீலா நிறுத்து, முத்திரை ஒட்டி, ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தாள். "இதில இரிக்கிற இலக்கத்தைப் போனில அடிங்க. கடிதம் இப்ப எங்க நிக்குது, எங்க போகுது, எல்லாம் இருந்த இடத்திலேயே பாக்கலாம்."

ஸஹ்னா துண்டைப் பார்த்தாள். இந்தக் கதையில் முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தாள்.

"கடிதத்துக்கிட்டச் சம்மதம் கேட்டீங்களா தாத்தா?"

"என்னது?"

"ஒண்டுமில்ல. குத்துங்க."

கமீலா இறப்பர் முத்திரையை ஓங்கிக் குத்தி, கொழும்புப் பைக்குள் கடிதத்தை எறிந்தாள்.